கலமும் களமும்

எமது பாடசாலையின் விஞ்ஞான தின மலருக்கென மாணவர் எழுதிய கட்டுரைகளை மொழிப்பிழை நீக்கித் தரும் பொறுப்பு இவ்வாண்டும் எம்மையே சேர்ந்தது. தமிழ் படிப்பிப்பவர் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணமில்லை; விஞ்ஞானம் எமது துறையன்று. வந்திருந்த பதினொரு கட்டுரைகளுள் நான்கு மனித உடலின் நிர்ப்பீடனத்தைப் பற்றியவை. அந்நான்கனுள் ஒன்றை எழுதிய உயர்தர வகுப்பு மாணவி, கலம் என்று எழுதவேண்டிய இடங்களிலெல்லாம் களம் என்று எழுதியிருந்தாள். லகர ளகர வேறுபாட்டை ஓரளவுக்கேனும் நாவிற் பேணிவரும் யாழ்ப்பாணத்தில் இது அடிக்கடி நேரும் பிழையன்று. சிவப்பு மையால் வட்டமிட்டுக்கொண்டே சென்ற நாம் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டோம். அவள் எழுதியிருந்தது உண்மையிற் களத்தைப் பற்றித்தான்; கலத்தைப் பற்றியன்று.

உடல் ஒரு கோட்டை. தோல் அதன் மதில். குருதியில் ஓடும் வெண்குழியங்கள் காவற்படை. கிருமிகள் அந்நியப் படையெடுப்பாளர். இயற்கைக் கொல்லிக் கலங்கள் இரவும் பகலும் ரோந்து சென்று, எதிர்ப்படும் ஒவ்வொரு கலத்தையும் மறித்து அடையாள அட்டை கேட்கின்றன. காட்டாத கலம் அவ்விடத்திலேயே சுட்டுத் தள்ளப்படுகிறது. புற்றுநோய்க் கலமோ துரோகியாக மாறிய எமது சொந்தக் கலம். அதற்குரிய தண்டனை மரணம். கட்டுரை இவ்வாறு செல்கிறது. ஏனைய மூன்றும் இப்பாதையிற் சென்றவையே. ஒன்றில் மட்டும் அடையாள அட்டைக்குப் பதிலாகக் கடவுச்சீட்டு வருகிறது.

பிள்ளைகளை நாம் குறைகூறவில்லை. அவர்கள் வாசித்தவற்றிலிருந்தே எழுதினார்கள். அவர்கள் வாசித்தவை எவையெனத் தேடி, பத்திரிகைகளின் சுகாதாரப் பக்கங்களையும் சிறு பிரசுரங்களையும் மொழிபெயர்ப்புக் கட்டுரைகளையும் சேர்த்து நாமும் இருந்து வாசித்தோம். தமிழகத்திலிருந்து வந்தவையும் இங்கு எழுதப்பட்டவையும் அவற்றுள் இருந்தன. மரபணு என்று ஒருசாராரும் பரம்பரையலகு என்று மறுசாராரும், ஏற்பி என்று அவரும் வாங்கி என்று இவரும் எழுதுகின்றனர். சொல் வேறுபடினும் படையும் கோட்டையும் வேறுபடவில்லை. கதையையும் கவிதையையும் ஆராயும் இப்பக்கங்களில் இத்தகைய எழுத்துக்கு என்ன இடம் என வாசகர் வினவலாம். ஒரு சிறுகதையை வாசிப்பவர்களிலும் பார்க்க, வைத்தியசாலை வாங்கிற் காத்திருக்கும்போது கையில் அகப்படும் ஒரு சுகாதாரக் கட்டுரையை வாசிப்பவர்கள் எம் மக்களிடையே பன்மடங்கினர். அவ்வெழுத்து அவர்கள் மனத்தில் எதைப் பதிக்கிறது என்று கேட்பதும் விமர்சகனின் கடமையே. பொய்யான பாத்திரப் படைப்புக்காக ஒரு நாவலாசிரியரைக் கண்டிக்கும் நாம், பொய்யான உருவகத்துக்காக ஒரு விஞ்ஞானக் கட்டுரையாளரைக் கண்டியாது விடுவதற்கு நியாயமில்லை.

உருவகம் பொய்யானது என்று கூறுவதற்கு முன் மெய் எதுவெனத் தெரிதல் வேண்டுமல்லவா? எம்முடன் படிப்பிக்கும் உயிரியல் ஆசிரியையின் துணையுடன், இயற்கைக் கொல்லிக் கலத்தின் ஒரேயொரு வாங்கியை எடுத்துக்கொண்டு, அதனைக் கண்டுபிடித்தவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்பதைப் பின்தொடர்ந்தோம். அதன் பெயர் 2பி4. நாம் அதனைத் தேர்ந்தமைக்குக் காரணம் அதன் வரலாறு ஓரளவு தெளிவாகக் கிடைப்பதும், அவ்வரலாற்றில் எம் அயலவரான இந்தியர் சிலரது உழைப்பு இருப்பதுமாகும்.

முதலில் எலியிலேதான் அது காணப்பட்டது. 1993ஆம் ஆண்டு, அமெரிக்காவின் டலஸ் நகரிலுள்ள ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் தென்மேற்கு மருத்துவ நிலையத்தில் வினய் குமார், மைக்கல் பெனற், பி. ஏ. மாத்தியூ ஆகியோரைக் கொண்ட குழுவினர் ஒரு பிறபொருளெதிரியைப் பற்றி எழுதினர். (வினய் குமாரின் பெயரை மருத்துவ மாணவர் அறிவர்; உலகெங்கும் அவர்கள் படிக்கும் நோயியற் பெருநூலின் ஆசிரியர்களுள் அவர் ஒருவர்.) அப்பிறபொருளெதிரி எலியின் இயற்கைக் கொல்லிக் கலங்களின் மேற்பரப்பில் ஏதோ ஒன்றிற் சென்று பொருந்தியது, பொருந்தியதும் அக்கலங்களின் கொல்லும் தொழில் கூடியது. அவ் ‘ஏதோ ஒன்று’ யாது என்பதே வினா. 2பி4 என்பது ஆய்வுகூடத்தில் அப்பிறபொருளெதிரிக்கு இடப்பட்ட வெறுங் குறியீடு. வீட்டு இலக்கம் அவ்வீட்டிலுள்ளவர்க்குப் பெயராக அமைந்துவிட்டது போல அக்குறியீடே வாங்கிக்கும் பெயராயிற்று. பின்னர் சிடி244 எனவும், குடும்ப வரிசையை நோக்கி ஸ்லாம்-எப்4 எனவும் அதற்கு மேலும் இரு பெயர்கள் வந்தன. பலசொல் ஒருபொருளுக்கு உதாரணம் தேடும் மாணவர் நிகண்டுவரை போகவேண்டியதில்லை.

மேற்பரப்பில் இருக்கும் புரதம் ஒன்றை ஆக்கும் பரம்பரையலகை எவ்வாறு தேடுவது? இங்கேதான் நாம் எதிர்பாராத ஒன்றைக் கண்டோம். கலத்தினுள் அந்நேரம் தொழிற்படும் பரம்பரையலகுகளின் செய்திகளை டி.என்.ஏ.யாகப் பிரதிசெய்து, அப்பிரதிகளைப் பற்றீரியாக்களில் இட்டுப் பாதுகாக்கின்றனர். இச்சேமிப்புக்கு அவர்கள் வழங்கும் பெயர் நூலகம். (நூலகம் என்ற சொல் யாழ்ப்பாணத்தவரின் காதில் எவ்வாறு விழும் என்பதை நாம் விரிக்கவேண்டியதில்லை.) அந்நூலகத்தில் வேண்டிய பிரதியைத் தேடி எடுத்து, அதன் எழுத்துக்களை வரிசையாக வாசிக்கின்றனர். டி.என்.ஏ.யின் செய்தி ஆர்.என்.ஏ.யாக எழுதப்படுவது படியெடுத்தல். அது புரதமாவது மொழிபெயர்ப்பு. எழுத்து மாறினால் அது வழு. ஆய்வுகூடத்துக்குள்ளே ஆளப்படும் சொற்களுட் பெரும்பாலானவை போர்க்களத்துச் சொற்கள் அல்ல. அவை ஏட்டுச்சுவடியோடு வாழ்ந்தவரின் சொற்கள். வாயிலைக் கடந்து வெளியே, பொதுமக்களுக்கான கட்டுரையாக வரும்போதுதான் அவை சீருடை அணிந்துகொள்கின்றன.

மனிதனில் இதே வாங்கியைக் கண்ட கதை இதனை இன்னும் விளக்கும். 1999ஆம் ஆண்டு, அப்போது போர்ட் வேர்த் நகரிலுள்ள வட ரெக்சாஸ் பல்கலைக்கழகச் சுகாதார விஞ்ஞான நிலையத்துக்கு மாறியிருந்த மாத்தியூவும் அவருடன் உழைத்தோரும், எலியின் 2பி4க்கு ஒத்த மனித வாங்கியை வெளியிட்டனர். அதே காலத்தில் வேறு சில ஆய்வுகூடத்தாரும் தனித்தனியே இம்முடிவை எட்டினர். சுமார் 370 அமினோவமிலங்கள் கோத்த ஒரு புரதம் அது. எலியின் பாடத்தை அருகில் வைத்துக்கொண்டு மனிதனின் பாடத்தை அறிந்துகொள்ளும் இம்முறையைக் கண்டபோது எமக்கு சி. வை. தாமோதரம்பிள்ளையின் நினைவு வந்தது. இளமையில் இதே தெல்லிப்பழையின் அமெரிக்க மிஷன் பாடசாலையிற் கற்ற அப்பெரியார், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இற் கலித்தொகையையும் அச்சேற்றியபோது செய்தது என்ன? ஓர் ஏட்டில் சிதைந்த இடத்தை இன்னோர் ஏட்டைக் கொண்டு அறிந்தார். ஒத்த இடமும் வேறுபட்ட இடமும் கண்டார். வேறுபாட்டையும் பொருளுடையதெனக் கொண்டார். ஒப்புமையை நாம் மிகைப்படுத்த விரும்பவில்லை. கலித்தொகைக்குப் புலவர் உண்டு. பரம்பரையலகுக்குப் புலவர் இல்லை. எனினும் மாணவனுக்கு இவ்வாங்கியின் கண்டுபிடிப்பை விளக்க முனைபவருக்கு, துப்பாக்கியிலும் பார்க்க ஏடு நன்கு உதவும் என்பதில் எமக்கு ஐயமில்லை.

அடுத்தது இடங்காணல். மனிதனின் 23 சோடி நிறமூர்த்தங்களுள் இப்பரம்பரையலகு எங்கே உள்ளது? முதலாம் நிறமூர்த்தத்தின் நீண்ட புயத்தில். வெறும் முகவரியாக இதனை வாசித்தால் சுவையில்லை. மனனம் செய்து பரீட்சையில் எழுதலாம், அவ்வளவுதான். ஆனால் அயலில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். 2பி4இற் பொருந்துவது சிடி48 என்னும் வேறொரு புரதம் என்பது 1998இல் அறியப்பட்டது. அச்சிடி48ஐ ஆக்கும் பரம்பரையலகும் அதே நிறமூர்த்தத்தின் அதே பகுதியில், சிறிது தூரத்திலேயே இருக்கிறது. தொடுவதும் தொடப்படுவதும் ஒரே ஒழுங்கையில் வீடுகொண்டவை! அவ்வொழுங்கையில் இவற்றை ஒத்த இன்னும் பல பரம்பரையலகுகள் உள. நெடுங்காலத்துக்கு முன் இருந்த ஒரு மூதாதைப் பரம்பரையலகு இரட்டித்து இரட்டித்துப் பெருகியதால் உண்டான குடும்பம் இது என்பது ஆய்வாளர் துணிபு. மண்வெளியைப் பங்கிட்டு அடுத்தடுத்து வீடு கட்டிய சகோதரரை எம் கிராமங்களில் யார்தான் காணவில்லை? வாங்கியின் இடத்தைக் குறித்ததாற் கிடைத்த பெரும்பயன் இவ்வுறவு வெளிப்பட்டதே. எமது கட்டுரையாளர் எவரேனும் இதைச் சொன்னாரா எனில், இல்லை. படைவீரனுக்குத் தாய்தந்தையரும் அயலவரும் இருப்பது கதைக்கு இடையூறு போலும்.

இனி அதன் தொழில். இவ்வாங்கி தொடப்பட்டால் கலம் கொல்லும் என்று எழுதிவிட்டால் முடிந்தது என எண்ணுவோம். அவ்வாறன்று. வாங்கியின் வால் கலத்தின் உட்புறம் நீண்டிருக்கிறது. அவ்வாலில் எந்தப் புரதம் வந்து பொருந்துகிறது என்பதைப் பொறுத்தே செய்தியின் பொருள் அமையும். அவ்வாறு பொருந்தும் புரதங்களுள் ஒன்று சாப் எனப்படுவது. எக்ஸ் நிறமூர்த்தத்திலுள்ள அதன் பரம்பரையலகு பழுதடைந்த ஆண்பிள்ளைகளுக்கு, ஏனையோருக்கு அநேகமாகத் தீங்கின்றிக் கழியும் எப்ஸ்ரைன்-பார் வைரசின் தொற்று உயிருக்கே ஆபத்தாகிறது. 2000ஆம் ஆண்டு இத்தாலியின் ஜெனோவா நகர ஆய்வாளர் இதன் காரணத்தை ஓரளவு வெளிப்படுத்தினர். அப்பிள்ளைகளிலும் 2பி4 இருக்கிறது, தொடவும் படுகிறது. ஆனால் உள்ளே சாப் இல்லாமையால் அதே தொடுகை ‘செய்’ என்பதற்குப் பதிலாகச் ‘செய்யாதே’ என்று பொருள்படுகிறது. வைரசு புகுந்த கலத்தின் அருகில் நின்றுகொண்டே இயற்கைக் கொல்லிக் கலம் வாளாவிருக்கிறது. ஒரு சொல் இடமறிந்து பொருள் தருவது. இடம் மாறின் பொருளும் மாறுவது. இதைப் படைவீரன் என்ற உருவகத்துள் அடக்க முயன்றால் அந்த வீரனைக் கோழை என்றோ விலைபோனவன் என்றோதான் சொல்லவேண்டிவரும். நோயுற்ற அப்பிள்ளையின் உடலிற் கோழையும் இல்லை, விலைபோனவனும் இல்லை. ஒரு புரதம் இல்லை. அவ்வளவே.

அடையாள அட்டைக்கு வருவோம். இவ்வுருவகம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. 1986ஆம் ஆண்டு சுவீடன் நாட்டவரான கிளாஸ் கேரேயும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பின்னணியில் உள்ளது. உடலின் கலங்களிற் பெரும்பாலானவற்றின் மேற்பரப்பில் ஒருவகைப் புரதம் இருக்கிறது. இயற்கைக் கொல்லிக் கலத்தின் சில வாங்கிகள் அதனைத் தொட்டதும் தொழிலை நிறுத்திக்கொள்கின்றன. சில வைரசுகளும் சில புற்றுக்களும் அப்புரதத்தை மறைத்துவிடும்போது நிறுத்தும் செய்தி கிடைப்பதில்லை. இதனை ‘அட்டை இல்லை, ஆகவே சூடு’ என்று சுருக்கியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. எம் குருதியிலுள்ள செங்குழியங்களில் அப்புரதம் அநேகமாக இல்லை. அட்டை இல்லாத அக்குழியங்கள் கோடி கோடியாக இயற்கைக் கொல்லிக் கலங்களின் அருகால் நாள்தோறும் ஓடுகின்றன. அவற்றை எதுவும் செய்வதில்லை. ஏனெனில் நிறுத்தும் செய்தி இல்லாமை மட்டும் போதாது. தூண்டும் செய்தியும் வேண்டும். 2பி4 போன்ற பல வாங்கிகள் ஒருபுறமும் தடுக்கும் வாங்கிகள் மறுபுறமுமாக ஒரே நேரத்திற் பலவற்றைத் தொட்டறிந்து, அவற்றின் கூட்டுப்பயனாகவே கலம் ஒரு வழியில் தொழிற்படுகிறது. அட்டையில்லாதவனைச் சுடுவது உடலின் நியதியன்று. அது மனிதர் சிலர் செய்த ஏற்பாடு. அதனை உடலின்மேல் ஏற்றிச் சொல்வது அவ்வேற்பாட்டை இயற்கையின் ஏற்பாடாகக் காட்டுவதாகும்.

இதை நாம் சற்று வேகத்துடன் எழுதுகிறோம் என்பதை அறிவோம். 1990இல் வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தபோது நாம் கைக்குழந்தை. தாயாரின் இடுப்பிலிருந்தபடி ஊரைவிட்டோம். பின்னர் பாடசாலைப் பையனாகச் சைக்கிளிலிருந்து இறங்கி, அட்டையைக் கையிற் பிடித்தபடி வரிசையில் நின்ற காலைகளின் எண்ணிக்கையை நாம் கணக்கு வைக்கவில்லை. இன்று எம்மிடம் படிக்கும் பிள்ளைகள் அக்காலத்தை அறியார். அவர்களுக்கு அடையாள அட்டை கேட்பதும் காட்டாதவரைச் சுடுவதும் ஒரு சினிமாக் காட்சி. அவர்களின் தாய்தந்தையருக்கு அவ்வாறன்று. அக்கட்டுரையை வீட்டில் வாசித்த ஒரு தாய், காட்டாத கலம் சுடப்பட்டது நியாயமே என்று உடலின் பெயரால் ஒப்புக்கொள்ளவேண்டியிருக்கிறது.

துரோகி என்ற சொல்லைப் பற்றி மேலும் கூறவேண்டும். அகராதியில் அதற்குள்ள பொருள் ஒன்று. இம்மண்ணில் அதற்குள்ள பொருள் வேறு. மின்கம்பங்களிற் கட்டப்பட்ட உடல்களின் கழுத்தில் தொங்கிய மட்டைகளில் அச்சொல் எழுதப்பட்டிருந்த காலம் ஒன்று இங்கிருந்தது. எழுதியவர் விசாரித்தாரா, எழுதப்பட்டவர் மறுமொழி சொன்னாரா என்று எவரும் கேட்க இயலவில்லை. அச்சொல்லைப் புற்றுநோய்க் கலத்துக்குச் சூட்டும்போது நிகழ்வது யாது? கலம் பிரியும்போது டி.என்.ஏ. பிரதிசெய்யப்படுகிறது, பிரதிசெய்தலில் வழுக்கள் நேர்கின்றன, அவற்றுட் பெரும்பாலானவை திருத்தப்படுகின்றன, திருத்தப்படாத சில சேர்ந்து, நில் என்றால் நில்லாது பெருகும் ஒரு கலம் உண்டாகிறது. அதில் நோக்கமில்லை, வஞ்சகமில்லை, காட்டிக்கொடுத்தல் இல்லை. ஆனால் துரோகி என்று கேட்ட நோயாளி தன்னுள்ளே ஒரு குற்றத்தைத் தேடத் தொடங்குகிறான். நோயின் பெயரை அயலாரிடம் சொல்லாது மறைக்கும் வழக்கம் இன்றும் எமது பகுதியிற் பல குடும்பங்களில் உண்டு. இதற்குக் காரணங்கள் பல. எமது எழுத்தும் அவற்றுள் ஒன்றாகலாகாது. அமெரிக்க விமர்சகி சூசன் சொன்ராக், தாமே புற்றுநோய்க்கு ஆளாகிச் சிகிச்சை பெற்றபின் 1978இல் வெளியிட்ட நூலில் நோயை உருவகமாக்குவதன் கொடுமையை எடுத்துக்காட்டினார். ஆங்கிலத்தில் இவ்வாராய்ச்சி நடந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. நாமோ அவர்கள் கண்டித்த உருவகங்களையே மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போர்மொழி தொடக்கந்தொட்டே இருந்ததா? ஒருபுறம் ஆம். 1880களில் வெண்குழியங்கள் கிருமிகளை விழுங்குவதைக் கண்டு எழுதிய ருஷ்ய நாட்டவரான மெச்னிக்கோவ் அதனைப் போராட்டமாகவே கண்டார். ஆனால் வாங்கி என்ற கருத்தைத் தந்தவர் வேறொருவர். 1908இல் மெச்னிக்கோவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜெர்மானியரான போல் ஏர்லிக், 1897இல் வெளியிட்ட கொள்கையில், கலத்தின் புறத்தே பக்கச் சங்கிலிகள் இருப்பதாகவும், அவை கலத்துக்கு வேண்டிய உணவைப் பற்றிக்கொள்வதற்கென உள்ளவை என்றும், நஞ்சு தற்செயலாக அவற்றிற் பொருந்துவதாலேயே தீங்கு விளைகிறது என்றும் கூறினார். அவர் கண்ட வாங்கி வாளன்று, வாய். அவரது கொள்கையிற் பல பகுதிகள் பின்னர் தள்ளப்பட்டன என்பது வேறு விடயம்.

சொற்பிறப்பைப் பார்ப்பினும் இதுவே. மேல்நாட்டார் இத்துறைக்கு வழங்கும் இம்யூனிற்றி என்ற பெயரின் இலத்தீன் மூலம், அரசுக்குச் செலுத்தவேண்டிய கடமையிலிருந்து விலக்குப் பெற்றமையைக் குறித்தது. எமது கல்வெட்டுக்களில் வரும் இறையிலி என்ற சொல்லே அதற்கு ஏறக்குறைய நேரானது. இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் நிர்ப்பீடனம் என்ற சொல்லோ பீடனம், அதாவது துன்பம், இல்லாமையைக் குறிக்கும். வடமொழி என்று அதனை ஒதுக்கித் தூய தமிழாக நோயெதிர்ப்பு என்று வழங்குவோர் உளர். தூய்மை கிடைத்தது, அத்துடன் எதிர்ப்பும் உடன்வந்து புகுந்தது. தனித்தமிழ்ப் பற்றுடையோரை நோகடிப்பது எமது எண்ணமன்று. சொல்லின் குலத்தைப் பார்க்கும் நாம் அதன் குணத்தையும் பார்த்தல் வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

இதிலே எமக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிற் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். அவரும் அவர் மாணவரும் ஆக்கிய நூல்களின் பெயர்களைப் பாருங்கள். உடலமைப்பியல் அங்காதிபாதம்; உடற்றொழிலியல் சுகரணம்; தமிழில் எளிதில் அமையாத இரசாயனத்துக்குக் கெமிஸ்தம். 1872இல் மனுஷ அங்காதிபாதமும் 1883இல் மனுஷ சுகரணமும் வெளிவந்தன. இச்சொற்களுட் பல இன்று வழக்கொழிந்தன. ஆயினும் உடலின் தொழிலைக் குறிக்க ‘நன்கு செயற்படுதல்’ என்ற பொருள் தோன்றச் சொல் அமைத்தவரிடம் கற்கவேண்டியது உண்டு. மிஷனரியின் நோக்கங்கள் அவருக்கும் இருந்தன என்பதை நாம் மறைக்கவில்லை. நோயாளிக்குப் புரியும் மொழியில் மருத்துவன் பேசவேண்டும் என்ற அவரது பிடிவாதம் அவற்றுக்கு அப்பாலும் நிற்கிறது.

எமது கருத்தை மறுப்போர் இருப்பர். எமது ஆசிரியர் அறையிலேயே இருக்கிறார்கள். ‘பதினாறு வயதுப் பிள்ளைக்கு விளங்கவேண்டாமா? சண்டை என்றால் உடனே விளங்குகிறது. அன்றியும் அக்கலம் உண்மையிற் கொல்கிறதே’ என்கின்றனர். கொல்கிறது, மெய்தான். துளையிடும் புரதத்தையும் சில நொதியங்களையும் செலுத்தி அயற்கலத்தைச் சிதையச் செய்கிறது. இதனை மறைத்து, கலங்கள் ஒன்றையொன்று தழுவி வாழ்கின்றன என்று இனிக்க இனிக்க எழுதினால் அது இன்னொரு பொய். நாம் கேட்பது இனிப்பையன்று. உருவகம் எதையாவது விளக்கவேண்டும். விளக்குவதிலும் பார்க்க மறைப்பது அதிகமாயின் அதனைக் கைவிடவேண்டும். படைவீரன் என்ற உருவகம் வாங்கியின் குடும்பத்தை மறைக்கிறது; ஒரே தொடுகை இருபொருள் தருவதை மறைக்கிறது; செங்குழியத்தை மறைக்கிறது. இத்தனையும் மறைத்தபின் எஞ்சுவது துப்பாக்கி மட்டுமே.

இன்னொன்றையும் அது மறைக்கிறது. 2001ஆம் ஆண்டு போல்ஸ், மாத்தியூ ஆகிய இருவரும் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு மனித வாங்கியைக் கண்டு சிஎஸ்1 எனப் பெயரிட்டனர். 2002இல் அதன் தொழிலைப் பற்றி வந்த கட்டுரையின் முதலாசிரியர் பெயர் குமரேசன். எலும்பு மச்சையிற் பெருகும் பிளாஸ்மாக் கலப் புற்றில் இவ்வாங்கி மிகுதியாக இருப்பது பின்னர் அறியப்பட்டது. அதிற் பொருந்தும் பிறபொருளெதிரி ஒன்று எலோற்றுசுமாப் என்ற பெயரில், பிறிஸ்ரல்-மையர்ஸ் ஸ்குயிப், அப்வீ என்னும் பெருங் கம்பனிகளின் மருந்தாக 2015 நவம்பரில் அமெரிக்க அரசின் அங்கீகாரம் பெற்றது. ‘புற்றுநோயை வென்ற வீரன்’ என்று எமது கட்டுரையாளர் எழுதும் செய்தி இத்தகையதுதான். உண்மைக் கணக்கு என்ன? 646 நோயாளரிடம் நடந்த சோதனையில், வழமையான இரு மருந்துகளை மட்டும் பெற்றோரில் நோய் மீண்டும் முற்றாதிருந்த இடைக்காலம் 14.9 மாதம், இதனையும் சேர்த்துப் பெற்றோரில் 19.4 மாதம். நாலரை மாதம். நோயாளியின் வீட்டில் நாலரை மாதம் சிறிதன்று. ஒரு பிள்ளையின் பரீட்சையைப் பார்த்துவிட்டுப் போகலாம். ஆனால் அது வெற்றிப் பிரகடனமும் அன்று. எலியின் கலத்தில் தொடங்கி அரச பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் இத்தனைபேர் இத்தனை ஆண்டு உழைத்துப் பெற்ற அறிவு, கம்பனியின் விலைச்சீட்டுடன் வெளிவருவதும், அவ்விலை உலகின் பெரும்பாலான உழைப்பாளருக்கு எட்டாததாயிருப்பதும் போர்க்கதையில் இடம்பெறுவதில்லை. களத்தில் வீரர் உண்டு, எதிரி உண்டு. விலை கேட்பவர் இல்லை.

எமது ஊரின் புற்றுநோய் வைத்தியசாலை எவ்வாறு உண்டாயிற்று என்பதைப் பிள்ளைகளுள் எவரும் எழுதவில்லை. 2011 யூலையில் நாட்டின் தென்கோடியான தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடியான பருத்தித்துறைவரை 27 நாட்கள், சுமார் 670 கிலோமீற்றர் தூரம் மக்கள் நடந்து பணம் சேர்த்தனர். வழிநெடுகச் சிங்கள மக்களும் தமிழ் மக்களும் முஸ்லிம் மக்களும் இட்ட காசும் அதிற் சேர்ந்தது. இலவச வைத்தியம் என்ற பெருங்கொடை இந்நாட்டில் இருப்பதால் அங்கு செல்வோரிடம் கட்டணம் கேட்கப்படுவதில்லை. அங்கே கட்டிலிற் கிடக்கும் ஒருவரைப் பார்க்கச் செல்வோர் ‘விடாமற் போராடவேண்டும்’ என்று சொல்லிவிட்டு வருவதை நாமே கேட்டிருக்கிறோம். நாமும் ஒருமுறை சொன்னோம். அவர் எம்மைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தலை எடுத்துத் தரும்படி கேட்டார். போராடாதவர்தாம் இறக்கிறார்கள் என்றல்லவா அச்சொல்லுக்குப் பொருள்?

அம்மாணவியை அழைத்து, கட்டுரையுடன் ஒரு மாலை இருந்தோம். உயிரியல் ஆசிரியையும் உடனிருந்தார். களம் அனைத்தும் கலமாயின. ரோந்து போயிற்று. அடையாள அட்டை போன இடத்தில், செங்குழியத்தைப் பற்றிய நான்கு வரிகளை அவளே எழுதினாள். அக்கட்டுரையில் மிக நன்றாக அமைந்தவை அவைதாம். துரோகிக்கு மாற்றுச் சொல் கிடைக்க நேரம் எடுத்தது. ‘வழிதவறிய கலம்’ என்றாள்; அதிலும் குற்றச்சாட்டு இருக்கிறது என்றோம். ‘நிற்காமற் பெருகும் கலம்’ என்பதில் மூவரும் உடன்பட்டோம். நீளந்தான், இருக்கட்டும்.

கொல்லியையும் மாற்ற நினைத்தோம். 1975இல் சுவீடன் நாட்டு ஆய்வாளரான கீஸ்லிங், கிளைன், விக்செல் ஆகியோர் இட்ட பெயரின் மொழிபெயர்ப்பு அது. அக்கலங்கள் கொல்வது மட்டுமன்றிச் செய்தியும் அனுப்புகின்றன. ஆதலால் வேறு பெயர் பொருந்தும் என்று எமது தமிழ்ப் புலமையைக் காட்டி இரண்டு மூன்று சொற்களை முன்வைத்தோம். அவள் கேட்டிருந்துவிட்டு, “சோதினையிலை இயற்கைக் கொல்லிக் கலம் எண்டுதானே கேப்பினம், சேர்?” என்றாள். அதனை அப்படியே விட்டுவிட்டோம்.